சத்தம் வெளியே வராது

சிட்டிபாபுவின் கடையில் எல்லாமே ஜப்பானில் செய்தவை. 'மேட் இன் ஜப்பான்' என்ற ஸ்டிக்கர் மட்டும் சித்தூரில் அச்சடித்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். ஃபாரின் சாமானுக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று ஜனங்கள் பேப்பரில் படித்துவிட்டார்கள். அந்தச் சாமான் திருப்பதி பஸ் ஸ்டாண்டு வரை வந்து சேரும்வரை யாருக்கும் பொறுமை இல்லை. அந்த அவசரம்தான் சிட்டிபாபுவுக்குச் சோறு போட்டது. தீபாவளிக்காக முந்தின நாள் இறங்கிய டேப் ரெக்கார்டர்கள் அலமாரி கொள்ளாமல் தரையிலும் அடுக்கியிருந்தன.

அன்று மத்தியானம், கடையில் அவன் மட்டும் இருந்தபோது, புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் புது மொட்டை, ஈரம் காயாத சந்தனம், கையில் பிரசாதப் பை. மலையிலிருந்து இறங்கி வருபவர்களைப் பார்த்தால் சிட்டிபாபுவுக்கும் பக்தி வந்துவிடும். மேலே முடியைக் கொடுத்தவர்கள் கீழே பர்ஸைக் கொடுக்க யோசிப்பதில்லை என்பது அவன் அனுபவம்.

"காதுல மாட்டுவாங்களே ஹெட்போனு, அது வேணும். வெல கொறைச்சலா," என்றார் புருஷன் முனிகிருஷ்ணன்.

"பாட்டு கேக்கவா?"

"இல்ல நைனா. கரெண்ட்டு கித்தாருக்கு."

மனைவி ரத்தினம்மா விவரம் சொன்னாள். மகன் மோகன்ராஜுக்கு நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை. துபாய் போகிற ஆர்கெஸ்ட்ராவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுக்கிறார்கள்.

"வேலை முடிஞ்சி வந்தா வாசிச்சிக்கினே கீறான். இன்னொரு தபா சத்தம் வந்தா சட்டி பானைய தெருவுல எறிஞ்சிடுவேன்னு ஹவுஸ் ஓனரு சொல்லிட்டாம்பா. வாசிக்கலன்னா துபாய் போச்சு. வாசிச்சா வூடு போச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லும் கரைந்திருக்கும். சிட்டிபாபு மனசுக்குள் விலையில் இன்னொரு நூறு ஏற்றினான்.

முதலில் பஞ்சு வைத்த சின்ன ஹெட்போனை எடுத்து, அவனே உதட்டைப் பிதுக்கினான். "இது நூத்தி இருபது. ஆனா பஞ்சு வழியா சத்தம் ஒழுகும். ஓனர் கண்டுபிடிச்சுடுவான்." பிறகு காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போனை இரண்டு கையாலும் எடுத்து வைத்தான். "ஒரிஜினல் ஜப்பான். உள்ள சத்தம் வெளிய வராது, வெளிச் சத்தம் உள்ள வராது. பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. அறுநூறு."

சென்னையில் நூற்றைம்பதுக்கு வாங்கியது. இடி விஷயம் அந்த நிமிஷத்தில் அவனாகச் சேர்த்தது.

"பின்னு சின்னதா கீதே? பையன் பொட்டியில ஓட்ட பெருசு," என்றார் முனிகிருஷ்ணன்.

"அதுக்கு மாத்துப் பின் இருக்கு. தனியா நாப்பது."

பேரம்கூடப் பேசாமல் அவர் தலையாட்டினார். இவ்வளவு நல்லவர்களை ஏமாற்றுகிறோமே என்று சிட்டிபாபுவுக்கு ஒரு கணம் உறுத்தியது. ஒரே ஒரு கணம்தான்.

"சத்தம் வெளிய வராதுன்னு எப்டிப்பா நம்புறது?" என்றாள் ரத்தினம்மா. "எங்க ஓனரு வாசப்படியில நின்னுக்கினு காது குடுத்து கேக்குற ஆளு. தோ, கித்தாரு மாட்டி வெச்சிகீறியே, நீ வாசி. நாங்க வெளிய நின்னு பாக்குறோம். உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

கேட்கக் கூடாத கேள்வி. சிட்டிபாபு ஒரு காலத்தில் நாராயணவனத்துக் கல்யாணங்களில் கித்தார் வாசித்தவன். விறுவிறுவென்று கித்தாரை இறக்கினான். ஸ்பீக்கர் பெட்டி மூலையில் இருந்தது, வயரோ குட்டை. சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி, பின்னைச் செருகினான். ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது.

"எங்க புள்ள மாதிரி ஃபுல்லா வெச்சி வாசி!" என்று ரத்தினம்மா கத்தியது அவனுக்கு லேசாகத்தான் கேட்டது. ஃபுல்லாக வைத்தான்.

வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் வாங்கின விலை ஞாபகம் வந்தது. நூற்றைம்பது ரூபாய்ச் சாமான். கசிந்தால் மானம் போய்விடும். ஏழுமலையானே, இந்த ஒரு வியாபாரத்தைக் காப்பாற்று! திரும்பிப் பார்த்தான். வாசலில் ரத்தினம்மா ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தாள். அடுத்த பாட்டில் திரும்பினான். படிக்குக் கீழே முனிகிருஷ்ணனும் கையை விரித்தார். இன்னும் தள்ளி நின்று பார்க்கிறோம் என்று ஜாடை காட்டினார்.

ஏமாந்துவிட்டார்கள்! சந்தோஷம் தாங்காமல் சிட்டிபாபு கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் காலத்தில் பந்தலே விசிலடித்த பாட்டை, ஒரு சரணம்கூட விடாமல், மனசார வாசித்து முடித்தான்.

ஒரு மணி நேரம் கழித்து கான்ஸ்டபிள் ஜெயச்சந்திரன் கடையில் நின்றார். ஹெட்போனைக் கையில் எடுத்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். ஜப்பான் உரிந்து கையோடு வந்தது.

"ஏமய்யா, இதைப் பத்தி அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காதுன்னு சொன்னேன் சார்."

"ஆளுங்க அடையாளம்?"

"ரெண்டு பேருக்கும் மொட்டை சார். தலையில சந்தனம்."

ஜெயச்சந்திரன் பேனாவை மூடிவிட்டுத் தெருவைக் காட்டினார். அப்போதுதான் மலையிலிருந்து வந்து நின்ற பஸ்ஸிலிருந்து முப்பது நாற்பது மொட்டைகள் சந்தனத்தோடு இறங்கிக்கொண்டிருந்தன.

சிட்டிபாபு காலி அலமாரிகளைப் பார்த்தான். வாசலில் ஆட்டோ வந்து நின்றதும், முதுகுக்குப் பின்னாலிருந்து அத்தனை டேப் ரெக்கார்டரும் அதில் ஏறியதும், அது புறப்பட்டுப் போனதும் அவன் காதில் விழவே இல்லை. அவன் விற்ற சாமான்களிலேயே சொன்னபடி வேலை செய்தது அந்த ஹெட்போன் ஒன்றுதான்.