ரயில் வராத நேரம்

“நான் சொன்ன நேரத்துக்குக் கரெக்டா வந்துடும்மா. முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்!”

போனை வைத்ததும் வீட்டுக்காரம்மா மாடிக்கு ஓடினார். ஓடினார் என்றால், முழங்கால் அனுமதித்த அளவுக்கு. ஜன்னல் கதவுகளின் இடுக்கில் அட்டையை மடித்துச் செருகினார். அலமாரிக் கண்ணாடி ஆடாமலிருக்கத் துணியை வைத்து இறுக்கினார். கட்டடம் பழசு, அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே தண்டவாளம். காலையிலும் மாலையிலும் ரயில் மாற்றி ரயில் வரும். நடுப்பகலில்தான் கொஞ்சம் ஓயும். அந்த இடைவெளியில் வீட்டைக் காட்டி, கையோடு ‘சரி’ என்று சொல்ல வைத்துவிட வேண்டும்.

இதற்கு முன் குடிவந்தவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். மகனோ கெடு வைத்துவிட்டான்.

“இந்த மாசக் கடைசிக்குள்ள மாடிக்கு ஆள் வரணும். இல்லன்னா கட்டடத்தை வித்துட்டு உன்னை என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன். இனிமே நீ தனியா இருக்கக் கூடாதும்மா.”

தங்கமான பிள்ளைதான். ஆனால் அவன் வீட்டில் ஒரு டீ போட வேண்டுமென்றாலும் மருமகளின் அடுப்படியில் சர்க்கரையைத் தேடி ஒவ்வொரு டப்பாவாகத் திறக்க வேண்டும். நினைத்தபோது எழுந்து, நினைத்தபோது படுக்கிற சொந்த வீட்டை விட்டுப் போக வீட்டுக்காரம்மாவுக்கு மனசே இல்லை.

வந்தவள் சின்ன வயசுப் பெண். முகமெல்லாம் அசதி. யார், எவர், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் விசாரிப்பதுதான் முறை. ரயிலை மறைக்கிற படபடப்பில் வீட்டுக்காரம்மாவுக்கு அது மறந்தே போயிற்று.

“நல்லா காத்து வரும்மா. தண்ணிக்குக் குறையே இல்ல. ஸ்டேஷன் கூப்பிடு தூரம்.”

“அதுக்காகத்தாம்மா வந்தேன். ஸ்டேஷன் பக்கத்துல ஒரு வீடு…”

அவள் சொல்லி முடிக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல், நேரங்கெட்ட நேரத்தில் ஒரு ரயில் வந்து தொலைத்தது. தரை அதிர்ந்தது. செருகி வைத்த அட்டை துள்ளி விழுந்தது. “குளியலறையைப் பாக்கலாமா?” என்று வீட்டுக்காரம்மா கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

ரயில் போனபின் பார்த்தால், அந்தப் பெண் சுவரில் உள்ளங்கையைப் பதித்தபடி நின்றிருந்தாள்.

“படுக்கையறையிலயும் இப்படித்தான் அதிருமாம்மா?”

“சேச்சே! அது அந்தக் காலத்துச் சுவரு. கதவைச் சாத்திட்டா ரயில் போறதே தெரியாது. ஊசி விழுந்தாக்கூடக் கேட்கும்!”

பெண்ணின் முகம் தொங்கிப்போயிற்று.

“அப்படியா…” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வீடு நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குத்தான் சரிப்பட்டு வராது போலிருக்கு. உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேம்மா.”

அவள் படியிறங்க ஆரம்பித்ததும் வீட்டுக்காரம்மா பின்னாலேயே படிவரை வந்தார். தன் புளுகு பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தார். எப்படியும் போகப்போகிறாள், அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“நில்லும்மா! நான் சொன்னது பச்சைப் பொய். படுக்கையறையிலதான் இன்னும் மோசம். ராத்திரி கூட்ஸ் வண்டி போறப்போ கட்டிலே ஆடும். விடிய விடிய கடகடன்னு சத்தம். உன்னை ஏமாத்தப் பாத்தேன், மனசுல வச்சுக்காதே.”

அந்தப் பெண் அப்படியே நின்றாள். பிறகு விடுவிடுவென்று மேலே ஏறி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நிஜமாவா? கட்டில் ஆடுமா?”

“ஆடும்மா” என்றார் வீட்டுக்காரம்மா, குற்றவாளி மாதிரி.

“விடிய விடிய?”

“விடிய விடிய.”

“இந்த வீட்டை எங்களுக்கே குடுத்துடுங்கம்மா! வேற யாருக்கும் காட்டாதீங்க. நீங்க நல்லா இருப்பீங்க!” அவள் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார். “யாரு பெத்த பொண்ணோ, என் வயித்துல பாலை வார்த்தே. நீ வரலன்னா நான் இந்த வீட்டை விட்டே போயிருக்கணும்.”

அவள் உடனே போனை எடுத்தாள். “என்னங்க, ரயிலை விட்டு இறங்கி வாங்க. வீடு கிடைச்சிடுச்சு! முழிச்சுக்கிட்டு அழுதா அழட்டும். இங்க வந்ததும் தூங்கிடுவான்.”

“யாரும்மா தூங்கணும்?”

“எங்க பையன். நானும் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிட்டேம்மா, மன்னிச்சுக்குங்க. கைக்குழந்தைன்னு சொன்னாலே வீடு தர மாட்டேங்கறாங்க. சத்தமில்லாத வீடா இருந்தா வீறிட்டுக் கத்துவான், அக்கம்பக்கத்துல யாரும் தூங்க முடியாது. இப்ப இருக்கிற வீட்லயும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஓடற ரயில்ல மட்டுந்தான் கண்ணை மூடுவான். அவங்கப்பா காலையிலேர்ந்து அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரயில்லயே போயிட்டு வந்துட்டிருக்காரு.”

வீட்டுக்காரம்மா மோவாயில் கை வைத்தார். “அதென்னடியம்மா அதிசயம்! நேத்துப் பொறந்த புள்ளைக்கு ரயில் எப்படிப் பழக்கமாச்சு?”

அந்தப் பெண் கூச்சத்தோடு சிரித்தாள்.

“அவன் என் வயித்துல இருந்தப்போ, கீழே போகுதே இந்த ரயில், இதை ஓட்டிக்கிட்டிருந்ததே நான்தாம்மா!”