மைக்கில் கை வைத்தவன்

ஸ்குறூ டிறைவர் மூன்றாவது தடவையும் வழுக்கி விழுந்தது. சீவரத்தினம் மாஸ்ரருக்கு அத்தோடு சந்தேகம் தீர்ந்துவிட்டது. இந்த மைக்கை யாரோ ஏற்கெனவே கழற்றியிருக்கிறார்கள். அதுதான் ஆணியின் தலை தேய்ந்து பிடிப்பில்லாமல் கிடக்கிறது.

யாரோ என்ன யாரோ, சுதாகரன்தான். நேற்றுப் பின்னேரம் நீர்வேலியிலிருந்து ஒரு வாழைக்குலையோடு வந்து, வானொலிச் செற்றை ஒருக்கால் பார்க்கட்டுமா என்று குழைந்தவன். காரணமில்லாமல் குலை கொடுக்கிற ஆளா அவன்?

மழைக்காலத்துக்கு முன்னால் அமெச்சூர் வானொலிக்காரர்கள் நாடு முழுக்க ஓர் ஒத்திகை வைக்கிறார்கள். வெள்ளத்தில் போன் எல்லாம் செத்துப்போனால் யார் யாரோடு கதைப்பது என்று பார்க்கிற ஒத்திகை. இன்று காலை ஒன்பது மணிக்கு வடக்கின் அறிக்கையை வாசிக்கும் பொறுப்பு இணுவில் சீவரத்தினம் மாஸ்ரருக்கு. பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்ற மனிதர் பதினொரு வருடம் காத்திருந்து பெற்ற மரியாதை அது. அவருக்கு முடியாவிட்டால் நீர்வேலி வானொலிக்காரன் சுதாகரன் வாசிப்பான்.

எட்டு மணிக்குப் பரிசோதனைக்காகக் கதைத்தபோதுதான் வினை தொடங்கியது. குரல் உடைந்து குழம்பி வருகிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றார் கண்டியில் இருந்தவர். நேற்றுவரை மணி மாதிரிக் கேட்ட குரல். ஒன்பதுக்குள் சரிவராவிட்டால் சுதாகரனையே வாசிக்கவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்.

மாஸ்ரர் பவர் சப்ளையை மாற்றினார். ஏரியல் வயரைக் கழற்றிப் பூட்டினார், எர்த் கம்பியைச் சுரண்டினார். கோளாறு எதற்கும் மசியவில்லை. சின்ன றேடியோவில் பிடித்து போனில் பதிந்து கேட்டால், அவருடைய குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து சுதாகரனின் குரலே செற்றில் வந்தது. "மாஸ்ரர், மைக்கை ஒருக்கா அக்காட்டைக் குடுங்கோ. அவ ரண்டு வசனம் கதைக்கட்டும்."

மனைவி அருந்ததி அப்போதுதான் கோயிலால் வந்து படியேறியிருந்தாள். மாஸ்ரர் விஷயத்தைச் சொல்லி மைக்கை நீட்டினார். அவள் அவரையே பார்த்தபடி இரண்டு வசனம் கதைத்தாள். ஒரு எழுத்தும் பிசகாமல் கேட்கிறது என்றான் சுதாகரன்.

மற்றவர்களுக்கு இது விளங்காது, வானொலிக்காரனுக்கு உடனே விளங்கும். பெண்குரல் மெல்லியது, மைக் தாங்கும். மாஸ்ரரின் குரல் வகுப்பறையில் முப்பது வருடம் அதட்டிய குரல். மைக்கை உள்ளே திறந்து யாரோ ஒலியளவைக் கூட்டி வைத்தால் அந்தக் குரல் உடையத்தானே செய்யும்.

நேற்று நான் குளிக்கப் போன நேரம் அவனை இந்த அறைக்குள் விட்டது நீர்தானே என்று அருந்ததியை அதட்டினார். அவள் கண் கலங்க அவர் முகத்தையே பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கையும் களவுமாகப் பிடிபட்டால் கண்ணீர் வரும்தானே என்று நினைத்துக்கொண்டு, மாஸ்ரர் மைக்கைத் திறக்க உட்கார்ந்தார்.

அந்த ஆணிதான் இன்னும் அசையவில்லை. ஸ்குறூ டிறைவரை விட்டுவிட்டு யன்னலோரம் காதைக் கொடுத்தார்.

"இப்ப சொன்னால் மனிசன் விடாது, தம்பி. நீங்கள் வானோடை வாங்கோ. ரண்டு பேருமாத் தூக்குவம்."

முப்பத்தாறு வருடம் ஒரே சட்டிச் சோறு தின்றவள் ஒரு வாழைக்குலைக்கு விலைபோய்விட்டாளே என்று மாஸ்ரருக்கு இருந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்க வான் வண்டி வாசலில் வந்து நின்றது. சுதாகரன் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே ஓடிவந்தான். மாஸ்ரர் செற்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கள்ளன், துரோகி என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினார்.

சுதாகரன் செற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வந்து அவருடைய தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தான்.

ஒன்பது மணிக்கு நீர்வேலியில் இருந்து வாசிக்க வேண்டியவன் இங்கே என்ன செய்கிறான்? இவனும் இங்கே நின்றால் கண்டிக்கு யார் பதில் சொல்வது? மாஸ்ரருக்கு அந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. பத்து நிமிடம் தாருங்கள், மைக்கைச் சரிசெய்துவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார்.

அருந்ததி அவருடைய கையிலிருந்த மைக்கை மெல்ல வாங்கி மேசையில் வைத்தாள்.

"மைக்கிலை ஒரு பிழையும் இல்லையப்பா. உங்கடை வாய்தான் ஒரு பக்கமா இழுத்துக் கிடக்கு."