இரண்டு வேளையும் வருகிறவன்

"இது மனுஷனே இல்லைங்க, ஏதோ ரோபோ! தினமும் ரெண்டு தடவை உள்ள வர்றான். ஒரு காயைக்கூட நகர்த்தறதில்ல. எட்டிப் பாத்துட்டுப் போயிடறான். வருஷக்கணக்கா இதே வேலை!"

டீம் லீடர் தன் லேப்டாப்பை அவள் மேசையில் திருப்பி வைத்தார். மணி இரண்டு. அவள் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் நிறுவனம் நடத்துவது, முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே செஸ் ஆடும் ஒரு ஆப். அதில் உதவாத கணக்குகளைக் களையெடுக்கும் வேலை ஒரு வாரமாக அவள் தலையில் விழுந்திருந்தது.

திரையில் இருந்த பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'குதிரைக்காரன்.' அண்ணனின் கணக்கு.

"ரெண்டு தடவையா சார்?"

"ஆமா. மதியம் ஒண்ணு, சாயங்காலம் நாலு மணி வாக்கில ஒண்ணு. யாரு, எங்கேர்ந்து வர்றான்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க. தெரியலைன்னா கணக்கை அழிச்சிடுங்க."

மதியம் வருவது யாரென்று அவளுக்குத் தெரியும். அவளேதான்.

அண்ணன் வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. அப்பாவோடு வாய்ச்சண்டை முற்றி, போட்டிருந்த சட்டையோடு போனவன். "இனிமே அவன் பேச்சை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்று அப்பா சொன்னதோடு சரி. அம்மாகூடக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவாள்.

ஒரு வருடம் யாரும் வராத கணக்கை ஆப் தானாகவே அழித்துவிடும். அதற்கு வருடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தாலே போதும். அந்த விதியை எழுதியவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் தினமும் ஒன்றேகாலுக்கு, டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்னால், அலுவலகத்தின் சோதனைப் பக்கம் வழியாக அண்ணன் கணக்கில் நுழைவாள். அந்தப் பக்கத்தில் பலகையும் காய்களும் மட்டும்தான் தெரியும். அவனும் அவளும் பாதியில் விட்ட ஆட்டம். அவன் நகர்த்த வேண்டிய முறை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். மனசு கேட்காமல் செய்வதற்குக் காரணமா வேண்டும்?

சரி, அப்படியென்றால் நாலு மணிக்கு வருவது யார்?

அவன்தான். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அவனும் இதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! எந்த ஊர் என்று மட்டும் தெரிந்தால் போதும், இன்றைக்கே கிளம்பிவிடுவாள்.

ஊர் விவரம் இன்னொரு பிரிவின் பதிவுகளில் இருந்தது. போன் போட்டாள்.

"அதைப் பாக்க அனுமதி வேணுங்க."

"யார் தரணும்?"

"எங்க மேனேஜர். அவர் லீவுல இருக்காரு."

"அவருக்குப் பதிலா வேற யாராவது?"

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்."

போனை உடைக்காமல் கீழே வைத்தது பெரிய காரியம். இதற்கிடையில் டீம் லீடர் கால் மணிக்கு ஒரு தரம் வந்து, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். நீங்கள் கேட்காமல் இருந்தால் பாதி நேரம்தான் ஆகும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் சட்டென்று உறைத்தது. பதிவு எதற்கு? அவளுடைய சொந்தக் கணக்கைத் திறந்துவைத்தால், அவன் உள்ளே வரும்போது அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியுமே! இத்தனை நாள் அதைப் பார்க்காமல் போனதற்கு ஒரே காரணம், தினமும் நாலு மணிக்கு வைத்துத் தொலைக்கிற மீட்டிங்.

இன்றைக்கு மீட்டிங் மேசைக்கடியில் போனைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஒருவர் மாற்றி ஒருவர், நேற்று சொன்னதையே இன்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாலு பத்து. பச்சைப் புள்ளி.

"அண்ணா, நீயா?" என்று தட்டினாள். அடுத்த வரியையும் தட்டினாள். "நான்தான் உன் தங்கச்சி. எதுவும் கேக்க மாட்டேன், திட்ட மாட்டேன். எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு. தயவுசெஞ்சு போயிடாத."

"உங்க வேலை எந்த அளவுல இருக்கு?" டீம் லீடரின் குரல்.

"முடிஞ்சிருச்சு சார். ஆள் கிடைச்சிட்டான்." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மடியில் போன் அதிர்ந்தது. பதில் ஒவ்வொரு வரியாக, மெதுவாக வந்தது.

"நான்தாம்மா, அப்பா. அவனோட பழைய டேப்லெட் எங்கிட்டதான் இருக்கு, பாஸ்வேர்டு கேக்காமலே தொறக்குது. அம்மாகிட்ட சொல்லிடாத."

அவள் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது.

"நீ அழாத. அவன் நல்லாத்தான் இருக்கான். தினமும் சரியா ஒண்ணேகாலுக்கு உள்ள வந்துட்டுப் போறான், இங்க மேலேயே கடைசியா வந்த நேரம் காட்டுது பாரு. இன்னிக்கும் வந்திருக்கான்மா."