எமது நிருபர்

சிறிலும் அந்தப் பொத்தானைத் தொடாமல் போனால், இன்று பின்னேரமே அதைச் செயலியிலிருந்து தூக்கிவிடுவதாக அகீல் சொல்லிவிட்டான்.

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக்கடைக்கு மேலே அவர்களுடைய அலுவலகம். அகீலும் ஷிம்னாவும் சேர்ந்து கைபேசிக்கு ஒரு செய்திச் செயலி செய்கிறார்கள். ஒரே சம்பவத்தைத் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகள் எப்படி எப்படி எழுதின என்று அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். யார் எழுதியது, யார் சொல்லி எழுதியது என்பதும் கீழே வரும்.

அதற்கும் கீழே ஷிம்னாவின் பொத்தான்: ‘எனக்குத் தெரிந்தது’. செய்தியில் பிழை கண்டவர் சொந்தப் பெயரைப் போட்டு எழுதலாம்.

பரீட்சித்துப் பார்க்க வந்த ஒன்பது பேரும் அதைத் தொடவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். பெயரைக் கேட்டுப் பாருங்கள், ஊர்வாய் தானாகவே மூடிக்கொள்ளும்.

“ஒருத்தரும் பேரப் போட்டு எழுத மாட்டாங்க ஷிம்னா,” என்றான் அகீல்.

பத்தாவது ஆள்தான் சிறில். கொட்டாஞ்சேனைக்காரர், எழுபதைத் தாண்டியவர். அவர்தான் வேண்டும் என்று ஷிம்னா இரண்டு தடவை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்திருந்தாள்; ஏனென்று அகீலிடம் சொல்லவில்லை.

மாதிரிக்கு வைத்திருந்தது ஒரு பழைய செய்தி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியம் எரிந்துபோனது. ஆங்கிலப் பத்திரிகை நட்டத்தை மட்டும் எழுதியிருந்தது. சிங்களப் பத்திரிகை மின்ஒழுக்கு என்றது. தமிழ்ப் பத்திரிகையோ, காவலாளி தீ வைத்துவிட்டு ஓடிவிட்டதாக எழுதியிருந்தது.

எழுதியவர்: எமது நிருபர். அந்த நிருபர் யாரென்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சிறில் மூன்றையும் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தமிழை மட்டும் மறுபடி வாசித்தார். பிறகு அவருடைய விரல் அந்தப் பொத்தானுக்குப் போனது.

ஷிம்னா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒற்றை விரலால் எழுதி முடிக்க அவருக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. அகீல் எட்டிப் பார்த்தான்.

‘நான் ஒருகொடவத்தைக்குப் போகவே இல்லை. மேசையில் இருந்தபடி, டெலிபோனில் ஒருவர் சொன்னதை எழுதினேன். அந்தக் காவலாளி ஓடவில்லை. கை இரண்டும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாளே அது எனக்குத் தெரியும். எமது நிருபர் நான்தான். சிறில் பெர்னாண்டோ, கொட்டாஞ்சேனை.’

அகீல் தூக்க வேண்டியவை என்று எழுதி வைத்திருந்த பட்டியலிலிருந்து அந்தப் பொத்தானை வெட்டினான்.

சிறில் போனை ஷிம்னாவிடம் நீட்டினார்.

“அந்த மனிசன் இதைப் பார்ப்பாரா மகள்?”

“பார்ப்பார் அங்கிள்.” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் சிரித்தாள். “இப்பவே அனுப்புறன். எங்கட வாப்பா அந்தக் கையோட வீட்டிலதான் இருக்கிறார்.”