நிக்காத எஞ்சின்

“வண்டி வேணா பழசா இருந்துட்டுப் போகட்டுமுங்க. எஞ்சின் மட்டும் எங்கியும் நிக்கக் கூடாதுங்க, அம்மணி.”

தனபால் சொன்னதைக் கேட்டு ஃபெமினா நிமிர்ந்து பார்த்தாள். கோவை கணபதியில் அவள் நடத்தும் எஞ்சின் பட்டறை வாசலில் ஒரு பழைய ரெக்கவரி வண்டி நின்றிருந்தது. வழியில் பழுதாகி நிற்கும் வண்டிகளைக் கட்டி இழுத்துப் போகிற வண்டி. அதையே இன்னொரு வண்டிதான் கட்டி இழுத்து வந்து விட்டிருந்தது.

தனபாலை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. ‘யாளி’ என்று குட்டி லோடு வண்டி செய்து விற்கும் கம்பெனியின் முதலாளி.

“உங்களுக்கே பெரிய ஃபேக்டரி இருக்குதுங்களே சார். எங்கிட்ட எதுக்குங்க?”

“நீங்க செஞ்சா நிக்காதுன்னு ஊரே சொல்லுதுங்க.”

“எவ்வளவு இழுக்கோணும்?”

“ஆழியாறு மலை ரோட்டுல லோடோட நிக்கற வண்டிய, லோடு எறக்காம அப்படியே இழுத்துட்டு வரோணுமுங்க. பகலு ராத்திரி பாக்காம ஓடோணும். ரோட்டுல ஒருத்தரு நின்னு தவிக்கறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க. காசு வாங்காம இழுத்து உடலாமுன்னு இருக்கறேன்.”

ஃபெமினா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். போன வருசம் வாளையார் பக்கம், கொட்டுகிற மழையில், அவளும் கணவன் லியோவும் காரைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். ஒருத்தர்கூட நிறுத்திக் கேட்கவில்லை.

“அப்படீன்னா என்ற கூலி வேண்டாமுங்க சார். சாமானுக்கு மட்டும் குடுங்க.”

“உங்களுக்குத் தங்கமான மனசுங்க” என்று தனபால் உடனே ஒத்துக்கொண்டார்.

மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஃபெமினா அந்த எஞ்சினைப் பிரித்தாள். லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதுசு. கிராங்கை இரண்டு முறை கடைசல் பிடித்துப் பார்த்தாள். மேட்டில் சூடாகக் கூடாது என்று பெரிய ரேடியேட்டராக மாட்டினாள்.

தனபால் வந்து வந்து பார்த்தார்.

“மட்டமான சாமான் ஒண்ணுகூடப் போட்றாதீங்க, அம்மணி. எல்லாம் ஒரிஜினலா இருக்கோணும்.”

“இப்படி ஒரு மனுசனா!” என்று லியோவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஆரம்ப விழா அமர்க்களமாக நடந்தது. வண்டியின் நெற்றியில் ‘தவிப்போரின் தோழன்’ என்று எழுதி, பூசணிக்காய் உடைத்தார்கள். தனபால் பேசும்போது இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபெமினாவுக்கு ஒரு சால்வை. அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டுப் பட்டறையில் மாட்டினாள்.

அதற்கப்புறம் வண்டி ஓய்ந்து நின்று யாரும் பார்க்கவில்லை. பட்டறையைத் தாண்டி நாளைக்கு நாலைந்து தடவை போகும். பின்னால் ஏதாவது ஒரு வண்டி, தார்ப்பாயில் முழுசாக மூடி.

“எதுக்கு ஃபெமி மூடிட்டுப் போறாங்க?” என்று லியோ கேட்டான்.

“வண்டிக்காரருக்குக் கூச்சமா இருக்குமில்ல? அந்த மனசு யாருக்கு வரும்!”

ஒரு நாள் பொள்ளாச்சி கொப்பரை வியாபாரி அக்பர் அலி விறுவிறுவென்று பட்டறைக்குள் வந்தார். பல வருசமாக அவளிடம் வண்டி விடுகிறவர்.

“ஏம்மா ஃபெமினா, நல்லா எஞ்சின் செஞ்சு குடுத்தே போ!”

“என்னாச்சுங்ணா?”

“எம் பொண்ணு ரிஃபத்துக்கு ஈரோட்டுல பேங்க் பரிட்சை. காருல கூட்டிட்டுப் போனேன். கிணத்துக்கடவுல நின்னுபோச்சு. அந்தத் தோழனுக்குப் போன் பண்ணினேன். வந்தான். காரைப் பாத்தான். ‘தப்பா வந்துட்டமுங்க’ன்னு திருப்பிட்டுப் போயிட்டான். பஸ்ஸு மாறி நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள கேட்டச் சாத்திட்டாங்க. புள்ள ரோட்டுலயே உக்காந்து அழுதுச்சு.”

ஃபெமினாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் முந்திக்கொண்டது.

“அந்நேரம் வேற யாராச்சும் உசுருக்குப் போராடிட்டு இருந்திருப்பாங்கண்ணா. ஒரு பரிட்சைக்காக அதை உட்டுட்டு வர முடியுமுங்களா? ஓசியில சேவை செய்யறவரக் குத்தம் சொல்றதுக்கு முந்தி நாமளும் கொஞ்சம் யோசிக்கோணும்.”

அக்பர் அலி எழுந்துவிட்டார். கொண்டுவந்து வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் தனபாலே வந்தார். கையில் மைசூர்பாக் டப்பா.

“அம்மணி, உங்க எஞ்சின் ஒரு நாளு மக்கர் பண்ணலீங்க. அதே மாதிரி இன்னொண்ணு அவசரமா வேணுமுங்க.”

“இன்னொரு ரெக்கவரி வண்டிக்குங்களா? அத்தன பேருக்கு உதவி பண்றீங்களா சார்!” ஃபெமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அது தெரியாம எங்க அக்பர் அலி அண்ணன் கோவிச்சுக்கறாருங்க. கிணத்துக்கடவுல அவரு காரைப் பாத்துட்டு இழுக்காமயே போயிட்டாங்களாமா.”

“காருங்களா?” தனபால் பெருமையாகச் சிரித்தார். “அதையெல்லாம் இழுக்க நேரம் ஏதுங்க அம்மணி? நம்ம யாளி இப்ப ரெண்டு மடங்கு விக்குதுங்க. வழியில நிக்கறத எல்லாம் சனம் பாக்கறதுக்குள்ள அள்ளிட்டு வர ஒரு வண்டி பத்த மாட்டேங்குதுங்க!”