பெயர் தொங்கும் சிவப்பு அட்டை

கல்லூரி வேலைவாய்ப்பு முகாமில், அனல்மின்நிலையப் பொறியாளரின் மேசைக்கு வருகிறவர்கள் எல்லாம் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றத்தான் வருகிறார்கள். சன்னல் வழியே சாயும் மாலை வெயில், ஒரு பெயரும் ஏறாத விண்ணப்பத் தாளை மஞ்சளாக்குகிறது. தன் பிரிவுக்கு ஓர் ஆளாவது கிடைக்காதா என்ற ஏக்கத்தை மறைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு கைபேசியிலும் உரியவரின் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டிவைக்கிறார். "புகைக் கம்பெனி சார், என் ஃபிரண்டு போனைக் குடுங்க" என்று ஒரு மாணவன் கை நீட்டுகிறான். "அவங்களே வந்து எடுக்கட்டும் தம்பி." "ஒரு போனுக்கு இவ்வளவு பந்தாவா!" "எங்க பழக்கம் அது. கம்பியில ஒருத்தர் வேலை செய்யறப்போ, கீழே ஆஃப் பண்ணி வெச்ச சுவிட்சுல இதே மாதிரி அவர் பேர் தொங்கும். மேலதிகாரியே வந்தாலும் தொடக்கூடாது. அவரே இறங்கி வந்து கழட்டணும்." கைபேசிக்கு உரியவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அப்போ மேல இருக்கறவங்க பயமில்லாம இருக்கலாம், இல்ல சார்?" "அதுக்குத்தானேம்மா." அவள் தன் அட்டையைத் தானே அவிழ்க்கிறாள். ஆனால் போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனா கேட்கிறாள். தாளின் முதல் வரியில் ஒரு பெயர் மெல்ல ஏறுகிறது. 'கடவுளே' என்று கும்பிட எழுந்த கைகளை, பொறியாளர் கூச்சத்தோடு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கொண்டுபோகிறார்.