ஏழாவது புல்மேடை

ஃபைஃப் கடற்கரையின் காற்றில் ஈரம் காயாத ஏழாவது புல்மேடையில், கோல்ஃப் ஆட்டக்காரர்கள் முதல் அடி அடிக்கும் அந்தச் சின்னச் சதுரத்தில், உட்கார்ந்து ஓட்டும் புதிய புல்வெட்டி பளபளத்து நிற்கிறது. விற்க வந்தவன் அதன் இருக்கையைத் துடைக்கிறான். "போன வருஷம் இதே மாதிரி வண்டிதான் இந்தச் சரிவுல வழுக்கி ஃபெர்கஸ் காலை நசுக்குச்சு. மறந்துபோச்சா? நடந்து தள்ளுற மெஷினை வாங்குங்க!" என்று கிளப் செயலாளர் பெட்ரியிடம் கத்துகிறாள், மைதானத்தைப் பராமரிக்கும் ஷோனா. முட்புதரிலிருந்து பறவைகள் சிதறிப் பறக்கின்றன. பெட்ரி கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்கிறார். "அவன் பார்த்து ஓட்டியிருக்கணும்." "வாயை மூடுங்க!" என்கிறாள். ஊன்றுகோலோடு ஓரமாக நிற்கும் ஃபெர்கஸ் அப்போதுதான் பேசுகிறான். "நீ மூடு, ஷோனா. எனக்காகக் கத்துறியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எந்த மெஷின் பின்னாடி நடக்கிறது? இந்த உட்கார்ந்து ஓட்டுற வண்டி இல்லேன்னா எனக்கு இங்க வேலையே இல்ல." ஷோனா விற்பனைக்காரன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி ஃபெர்கஸின் உள்ளங்கையில் அழுத்துகிறாள். "ஏறித் தொலை. விழுந்தா நான் தூக்க மாட்டேன்." சொல்லிவிட்டு, அவன் ஏறி உட்காருமுன்பே சரிவின் விளிம்பில் போய்க் கால்களை அகட்டி நின்றுகொள்கிறாள்.